முதல்முறை மலையேறும் ஓட்டுநர்களுக்கு: ஆழியாறு முதல் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள்

சமவெளியில் வருடக்கணக்கில் கார் ஓட்டியவர்கள்கூட மலைச்சாலை என்றதும் சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையே இல்லை. சில பழக்கங்களைக் கைக்கும் காலுக்கும் ஏற்றிவிட்டால் போதும், எந்த மலையும் வசப்படும். பழகுவதற்கு நான் எப்போதும் சொல்வது பொள்ளாச்சி–வால்பாறை சாலையைத்தான். மொத்தம் 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், எவ்வளவு ஏறியிருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பது தெரிந்துகொண்டே இருக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய தெம்பு.

படி 1: கிளம்பும் முன்

பிரேக், டயர், கூலன்ட், ஹார்ன், வைப்பர், முகப்பு விளக்கு ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் மாற்றி ரொம்ப நாளாகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அது சீக்கிரம் கொதித்து, மிதி சொதசொதவென்று உள்ளே போய்விடும். பொள்ளாச்சியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வால்பாறைக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை என்பதால் சோதனைச்சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, முதல் பயணம் வேண்டாம். வால்பாறைக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாதை தெளிவாக இருக்கும். விடிந்ததும் ஏறத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் கவர்க்கல் பக்கம் பத்தடி தூரம்கூடத் தெரியாது.

படி 2: வளைவில் ஏறுவது

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவதுதான் புதியவர்கள் திணறும் இடம். வண்டி வேகம் இழந்து, பாதி வளைவில் நின்று, பின்னோக்கி நகரும். அதனால் வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: வளைவு கண்ணில் பட்டதும் வேகம் குறையுங்கள், இரண்டாவது கியருக்கு வாருங்கள், ஹார்ன் அடியுங்கள், மேலே திரும்பிப் பாருங்கள். எதிரே வண்டி வருகிறதா என்பது மேல்சாலையில் முன்பே தெரிந்துவிடும். பேருந்தோ லாரியோ வந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். நீளமான வண்டிக்குத் திரும்ப முழுச் சாலையும் வேண்டும்.

இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், இடது கொண்டை ஊசியில் உள்பக்கமாக ஏறுகிறோம். அங்கே தூரம் குறைவு, ஏறும் உயரம் அதேதான், எனவே செங்குத்து அதிகம். ஆள் நிறைய இருந்தால் அந்த வளைவுக்குத் தயங்காமல் முதல் கியர் போடுங்கள். வலது வளைவில் வெளிவட்டமாகப் போவதால் ஏற்றம் மென்மையாக இருக்கும், இரண்டாவது கியரே போதும். ஆனால் வளைவைச் சுருக்க எதிர்ப்பக்கம் குறுக்கே வெட்டிவிடாதீர்கள்.

ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டியிருந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை எடுங்கள். இதை ஊரில் ஏதாவது ஒரு மேம்பாலச் சரிவில் முன்பே பழகிவிடுங்கள்.

படி 3: 9-வது வளைவில் நிறுத்துங்கள்

லோம்ஸ் வியூ பாயின்ட் இங்கேதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிக் கீழே பாருங்கள். ஆழியாறு அணை நீர்ப்பரப்பு முழுதாக விரிந்து கிடக்கும், ஏறி வந்த சாலை பாறைச் சரிவில் மடிந்து மடிந்து தெரியும். இந்தப் பகுதியில் வரையாடுகள் சாலையோரத் தடுப்புச்சுவர் மேலேயே நிற்கும். நம் மாநில விலங்கை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை. உணவு எதுவும் போடாதீர்கள். குரங்குகளுக்கும்தான். ஒரு பிஸ்கட்டுக்காகச் சாலைக்கு வரப் பழகிய குரங்கு அடுத்த வண்டியில் அடிபடுகிறது. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்காமல் மரத்துக்கு மரம் போக, மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே வேகம் தானாகக் குறைய வேண்டும்.

வால்பாறையில் சில இடங்களில் யானை நடமாட்டத்தைச் சொல்லச் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஹார்ன், ஃபிளாஷ் எதுவும் வேண்டாம்.

படி 4: இறங்குவது

பயப்பட வேண்டியது ஏற்றத்துக்கு அல்ல, இறக்கத்துக்குத்தான். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படியும் வேகம் கூடிக்கொண்டே போனால் முதல் கியர். ஆட்டோமேட்டிக் கார் என்றால் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அப்போது முழு எடையும் பிரேக் மேல் விழும். பிரேக்கை அழுத்தமாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் அது ஆற நேரமே கிடைக்காது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, கியரில் போட்டு நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தால், கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடுங்கள். நடுச்சாலையில் விட்டுப்போகும் அந்தக் கல், பின்னால் பைக்கில் வருகிறவரின் உயிருக்கு ஆபத்து.

குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். மரியாதைக்காக மட்டும் இல்லை, சாலை விதியே அதுதான்.

படி 5: அடுத்த மலை

வால்பாறையில் கை பழகிய பிறகு கொல்லிமலைக்குப் போங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்று முடியும் முன் அடுத்தது வந்துவிடும். இங்கே கற்ற கியர் பழக்கம் அங்கே அப்படியே கைகொடுக்கும். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் வளைவுகள் 36 தான், ஆனால் அந்தச் செங்குத்து முற்றிலும் வேறு. அங்கே இறக்கத்தில் விபத்துகள் நடந்ததால்தான் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. கல்லட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.