விடாப்பிடியான பொடுகுக்குப் பொடுதலைத் தைலம்: காய்ச்சும் பதமும் கழுவும் முறையும்

தைலம் தேய்த்தும் பொடுகு போகவில்லையா? தைலத்தைக் குறை சொல்லுமுன், அது தலையில் எத்தனை மணி நேரம் ஊறியது என்று பாருங்கள். எல்லோர் தலைத்தோலிலும் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை, எண்ணெய்ப் பசையைத் தின்றுதான் வாழ்கிறது. ராத்திரி தேய்த்துக்கொண்டு படுத்துக் காலையில் குளிப்பது அதற்குப் பந்தி போடுகிற மாதிரி. செதில் எண்ணெயில் அமுங்கிக் கிடப்பதால் இரண்டு நாள் குணமானதுபோல் இருக்கும், பிறகு அரிப்போடு திரும்பும். ஆயுர்வேதம் இதைத் தாருணகம் என்கிறது; வாதமும் கபமும் சேர்ந்து கெட்டால் வருவது. வறட்சிக்குத் தைலம், பிசுக்குக்குத் தேய்த்துக் கழுவுதல் என்று இரண்டு வேலையும் நடக்க வேண்டும்.

பொடுதலை ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் தரையோடு படரும். இலையின் மேல்பாதி விளிம்பு மட்டும் பல் பல்லாக இருக்கும்; நீளக் காம்பின் நுனியில் வெள்ளையும் ஊதாவும் கலந்த குட்டிப் பூங்கொத்து. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய பக்கமாக இருந்தால் பறிக்காதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலையையும் இளந்தண்டையும் அலசி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அரைத்து, துணியில் பிழிந்து கால் லிட்டர் சாறு எடுங்கள். அதே அளவு செக்கு நல்லெண்ணெய். அடி கனத்த பாத்திரம், இரண்டையும் ஊற்றிய பிறகும் பாதி காலியாக இருக்க வேண்டும். நுரைத்துப் பொங்கும், அடுப்பில் வழிந்தால் எண்ணெய் தீப்பிடிக்கும். சிறு தீயில் வைத்து, அடியில் கசடு ஒட்டாதபடி கிளறிக்கொண்டே இருங்கள்.

பதம்தான் இதில் எல்லாமே. சடசடப்பு அடங்கியதும் கரண்டி நுனியில் கசடை எடுத்து, ஆறவிட்டு உருட்டுங்கள். சேறுபோல் விரலில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. மெழுகுபோல் திரிந்து வந்து, நெருப்பில் காட்டினால் சடசடக்காமல் எரிந்தால் உடனே இறக்குங்கள். மணல்போல் நறநறவென்று உதிர்ந்தால் பதம் கொஞ்சம் தாண்டிவிட்டது; கறுத்துக் கருகல் வாசனையும் வந்தால் கொட்டிவிடலாம். ஈரத்தோடு இறக்கிய தைலம் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள்.

தேய்ப்பது வாரம் இரண்டு நாள். ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று பெரியவர்கள் வைத்த இடைவெளியே போதும். ஒரு தடவைக்கு இரண்டு டீஸ்பூன். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் மட்டும் தேயுங்கள். நகம் படக்கூடாது, ஈருருவியால் செதிலைச் சுரண்டவும் கூடாது. சுரண்டினால் தோல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் குளித்துவிடுங்கள். குளித்த பிறகு "தலை வறண்டு போச்சே" என்று தேங்காய் எண்ணெய் வைத்தால் செய்தது அத்தனையும் வீண்.

வேலூர்ப் பக்கம் இன்னொரு தொல்லை, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து முடியில் படியும். காய்ந்ததும் அது பொடுகுபோலவே உதிரும், நாமும் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்போம். சீயக்காய்க்கும் அரப்புக்கும் இந்தப் பிசுக்கு வராது. சலித்த சீயக்காய்த் தூள் மூன்று டேபிள்ஸ்பூன், வடித்த கஞ்சியில் இட்லி மாவைவிட நீர்க்கக் கரைத்து, இரண்டு முறை போட்டு அலசுங்கள். கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீராக இருக்கட்டும். ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டாதீர்கள். தலையணை உறையையும் சீப்பையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள். பழைய எண்ணெய் அவற்றில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அரிப்பு அதிகமாக இருந்தால் குளிக்குமுன் வெந்தயப் பற்று: இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, புளித்த தயிர் விட்டு வெண்ணெய்போல் அரைத்து இருபது நிமிடம். கொரகொரப்பாக அரைத்தால் திப்பி முடியில் சிக்கி, அதுவும் பொடுகாகத் தெரியும். எலுமிச்சம்பழத்தை அப்படியே தேய்ப்பது வேண்டாம். கீறலில் எரியும், அந்தத் தலையோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

கடையில் தூர்தூரபத்ராதி தைலம் கேட்டு வாங்குகிறவர்கள், அது ஊமத்தை இலையில் காய்ச்சியது என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் காய்ச்சக்கூடாது, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கை கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

நாலு வாரம், எட்டு முழுக்கு. அதற்குள் நன்றாகக் குறையாவிட்டால் அது வெறும் பொடுகாக இல்லாமல் இருக்கலாம். தடித்த வெள்ளிச் செதில், முழங்கை முழங்காலிலும் அதேபோல் என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். அதற்கு வெட்பாலைத் தைலம் உண்டு, ஆனால் சித்த மருத்துவர் பார்த்துத்தான். பிள்ளைகளின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் அது படை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். படையென்றால் உள்ளுக்கு மாத்திரை வேண்டும், எந்தத் தைலமும் எட்டாது. மூக்கோரம், புருவத்திலும் செதில் இருந்தால் தோல் மருத்துவர் இரண்டு சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதித் தருவார். அதையும் நுரைத்த உடனே அலசிவிடாமல், ஐந்து நிமிடம் தலையில் வைத்திருந்து கழுவ வேண்டும்.