ஆஸ்திரேலியா பி.ஆர்.: 189-ஆ, 190-ஆ, 491-ஆ? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

"அக்கா, 491-ல வந்தா பி.ஆர். கிடையாதாமே. 189-க்கு மட்டும்தான் போடணும்னு கன்சல்டன்சில சொல்றாங்க." சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் சித்தி மகள் போன வருடம் போனில் கேட்டது இது. பி.ஆர். என்றால் நிரந்தரமாக வசிக்கும் உரிமை. 189, 190, 491 மூன்றும் புள்ளிக் கணக்கில் தரப்படும் விசாக்களின் எண்கள். அவளுக்கு அப்போது 32 வயது முடிய நாலு மாதம்தான் பாக்கி. நான் 491 விசாவில்தான் 2022 தொடக்கத்தில் அடிலெய்டுக்கு வந்தேன், இப்போது பி.ஆர். வைத்திருக்கிறேன். அதனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு மனசு பதறியது. அன்று அவளுக்கு மூன்று மணி நேரம் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எந்த விசா நல்லது என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் புள்ளி எவ்வளவு, அது எந்தத் தேதிவரை நிற்கும் என்ற கணக்கு கையில் இருந்தால் விசா எண் தானாகத் தெரிந்துவிடும்.

படி 1: தொழில் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. சாஃப்ட்வேர் எஞ்சினியர் 261313, டெவலப்பர் புரோகிராமர் 261312, சிவில் எஞ்சினியர் 233211. உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள். தினசரி என்ன வேலை செய்கிறீர்களோ, அந்த விவரணையோடு எது ஒத்துப்போகிறதோ அதுதான் உங்கள் எண்.

எண் தெரிந்ததும் அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் பாருங்கள். நீண்டகாலத் தேவைப் பட்டியலில் இருந்தால்தான் 189-க்கு வழி உண்டு. குறுகியகாலப் பட்டியலில் இருந்தால் 190, 491 மட்டும். பிராந்தியப் பட்டியலில் மட்டும் இருந்தால் 491. இங்கேயே பலருக்குப் பாதி முடிவு வந்துவிடும். உதாரணமாக, சாஃப்ட்வேர் டெஸ்டர் குறுகியகாலப் பட்டியலில் இருக்கும் தொழில். பத்து வருட அனுபவம் இருந்தாலும் அந்த எண்ணை வைத்து 189 போட முடியாது.

படி 2: புள்ளிக் கணக்கு

ஒரு தாள், ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது: 18–24 என்றால் 25 புள்ளி, 25–32 என்றால் 30, 33–39 என்றால் 25, 40–44 என்றால் 15. 45 ஆகிவிட்டால் இந்த மூன்று விசாவுக்கும் வழியில்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆஸ்திரேலிய அரசின் அழைப்பு வரும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. நீங்கள் படிவம் நிரப்பிய நாளின் வயது செல்லாது.

ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். என்ற தேர்வில் நான்கு பிரிவிலும் 6 என்றால் தகுதி மட்டும், புள்ளி இல்லை. நான்கிலும் 7 என்றால் 10. நான்கிலும் 8 என்றால் 20.

வெளிநாட்டு அனுபவம்: 3 வருடத்துக்கு 5, 5 வருடத்துக்கு 10, 8 வருடத்துக்கு 15. கடைசி பத்து வருடத்தில் செய்த வேலை மட்டும் சேரும்.

படிப்பு: டிப்ளமோவுக்கு 10, இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்துக்கு 15, பிஎச்.டி.க்கு 20.

துணை: திருமணமாகாதவருக்கு 10. கணவன் அல்லது மனைவிக்குத் தகுதியான ஆங்கிலம் மட்டும் இருந்தால் 5. அதோடு 45 வயதுக்குள் இருந்து, அதே பட்டியலில் உள்ள தொழிலில் திறன் மதிப்பீடும் வாங்கிவிட்டால் 10.

ஆஸ்திரேலியாவில் படித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் தனிப் புள்ளிகள் உண்டு. மாநிலம் பரிந்துரைத்தால் 190-க்கு 5, 491-க்கு 15 கூடும்.

இப்போது என் தங்கையின் கணக்கு. வயதுக்கு 30 புள்ளி. பி.இ. பட்டத்துக்கு 15. அனுபவம் ஏழரை வருடம், அதில் இரண்டு வருடம் கழியும் (ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்), மிச்சம் ஐந்தரை வருடத்துக்கு 10. ஆங்கிலத்தில் எல்லாம் 7, அதற்கு 10. கணவருக்கு ஆங்கிலம் மட்டும், 5. மொத்தம் 70. அதாவது 189-க்கு 70, 190-க்கு 75, 491-க்கு 85. நாலு மாதம் கழித்துப் பிறந்தநாள் வந்தால் எல்லாவற்றிலும் ஐந்து குறையும்.

குறைந்தபட்சம் 65 இருந்தால் போதும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது வரிசையில் நிற்பதற்கான டிக்கெட் மட்டுமே. அதிகப் புள்ளி வைத்திருப்பவரைத்தான் முதலில் அழைப்பார்கள். செவிலியர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்குக் குறைந்த புள்ளியிலும் அழைப்பு வந்திருக்கிறது. கணினித் துறையில் 70-ஐ வைத்துக்கொண்டு 189-க்குக் காத்திருப்பது வயதைக் கரைக்கும் வேலை.

படி 3: திறன் மதிப்பீடு

உங்கள் படிப்பும் அனுபவமும் அந்தத் தொழிலுக்குப் பொருந்துகிறது என்று ஒரு அமைப்பு சான்று தர வேண்டும். கணினித் துறைக்கு ஏ.சி.எஸ்., பொறியாளர்களுக்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, செவிலியருக்கு ஆன்மாக், பள்ளி ஆசிரியருக்கு ஐட்சல், இன்னும் பல தொழில்களுக்கு வெட்டாசெஸ்.

கணினி அறிவியல் படித்து அதே துறையில் வேலை செய்தவருக்கு ஏ.சி.எஸ். பொதுவாக முதல் இரண்டு வருடத்தைத் தகுதி பெறும் காலம் என்று கழித்துவிடும். படிப்பு அவ்வளவு பொருந்தவில்லை என்றால் இன்னும் அதிகம் கழியும். அவர்கள் கடிதத்தில் ஒரு மாதமும் வருடமும் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு செய்த வேலையைத்தான் திறன்வேலையாக எடுத்துக்கொள்வோம் என்பார்கள். அந்தத் தேதியை வட்டம் போட்டு வையுங்கள், படி 6-ல் தேவைப்படும்.

பொறியாளர்களுக்கு ஒரு செய்தி. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 2014-ல் சேர்ந்தன. அந்த அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் மதிப்பீடு சுலபம். ஆனால் எல்லாக் கல்லூரியும் அதில் வராது. கல்லூரி, துறை, படித்து முடித்த ஆண்டு மூன்றையும் பட்டியலில் சரிபாருங்கள். இல்லையென்றால் நீங்கள் செய்த மூன்று திட்டங்களைப் பற்றிச் சொந்த நடையில் கட்டுரை எழுத வேண்டியிருக்கும். அதைக் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நகல் என்று தெரிந்தால் பல மாதங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாமல் போகும்.

எல்லோரும் திணறும் இடம் அனுபவக் கடிதம். நம் ஊர் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி அவ்வளவுதான் இருக்கும். இங்கே கேட்பது நீங்கள் செய்த வேலைகளின் பட்டியல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முழுநேரமா பகுதிநேரமா என்ற விவரம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம் "அப்படியெல்லாம் தருவதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்போது என் டீம் லீடாக இருந்தவர்தான் கைகொடுத்தார். முத்திரைத்தாளில் நான் செய்த வேலைகளை எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு சம்பளச் சீட்டு, படிவம் 16, பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். வேலையை விடும் எண்ணம் இருந்தால், விடுவதற்கு முன்பே இதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

படி 4: ஆங்கிலமும், நம் தமிழும்

ஆங்கிலத்தில் 7-லிருந்து 8-க்கு ஏறினால் 10 புள்ளி. அனுபவத்தில் ஐந்து புள்ளி கூட்ட இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதனால் மறுபடி பரீட்சை எழுதச் சலிப்படையாதீர்கள். பி.டி.இ. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுபவர்கள் கவனிக்க: எல்லாப் பிரிவிலும் 65, எல்லாப் பிரிவிலும் 79 என்ற பழைய கணக்கு 2025 ஆகஸ்ட் 7-க்கு முன் எழுதிய தேர்வுகளுக்குத்தான். அதற்குப் பிறகு எழுதினால் பேச்சுக்கும் எழுத்துக்கும் தனியே உயர்ந்த மதிப்பெண் கேட்கிறார்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் பரீட்சைக்குப் போகாதீர்கள்.

தமிழால் 5 புள்ளி கிடைக்கிறது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழும் உண்டு. ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் தமிழிலும் பேசும் இரண்டு உரையாடல்கள் வரும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதை நீங்கள் மற்ற மொழியில் சொல்ல வேண்டும். ஒரு உரையாடலுக்கு 45 மதிப்பெண், மொத்தம் 90. தேர்ச்சிக்கு 63 வேண்டும், ஒவ்வொன்றிலும் 29-க்குக் குறையவும் கூடாது.

தமிழ்தானே என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் நாள் பயிற்சியிலேயே "ஃபாஸ்டிங் பிளட் டெஸ்ட்" என்று வந்ததும் வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே, "வெறும் வயித்துல ரத்தம் எடுக்கிறது" என்றார். அன்றிலிருந்து அம்மாதான் எனக்கு வாத்தியார். பெயிலுக்கு ஜாமீன், ரென்டல் பாண்டுக்கு வாடகை முன்பணம், இன்ட்ரஸ்ட் ரேட்டுக்கு வட்டி விகிதம் என்று மருத்துவம், சட்டம், வீடு, காப்பீடு, பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். குறிப்பு எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. எண்கள், பெயர்கள், தேதிகளை எழுதிவிடுங்கள், மற்றதை மனம் பிடித்துக்கொள்ளும். ஒரு உரையாடலுக்கு ஒருமுறை மதிப்பெண் குறையாமல் திரும்பக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தங்கையின் கணக்குக்குத் திரும்பினால்: தமிழால் 5, ஆங்கிலத்தை உயர்த்தினால் 10, கணவர் திறன் மதிப்பீடு வாங்கினால் இன்னும் 5. 70 என்பது 90 ஆகிறது. 33 வயது ஆனபிறகும் 85.

படி 5: இப்போது வழிகளை ஒப்பிடுங்கள்

189: கையில் வாங்கும்போதே பி.ஆர். மாநிலக் கட்டுப்பாடு கிடையாது. இடங்கள்தான் குறைவு. 2024–25 திட்ட ஆண்டில் இதற்கு ஒதுக்கியது 16,900. மாநிலப் பரிந்துரைக்கு 33,000, பிராந்தியத்துக்கு 33,000, முதலாளி வழிக்கு 44,000.

190: இதுவும் நேரடி பி.ஆர்.தான். பரிந்துரைத்த மாநிலத்தில் இரண்டு வருடம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, அதுவும் வருடத்துக்கு வருடம் மாறும். சில மாநிலங்கள் ஏற்கெனவே அங்கே வசித்து வேலை பார்ப்பவர்களுக்கே முன்னுரிமை தருகின்றன. அந்தந்த மாநிலத்தின் தளத்தைப் படியுங்கள்.

491: ஐந்து வருடத் தற்காலிக விசா. பிராந்தியப் பகுதியில்தான் வசிக்க, வேலை செய்ய, படிக்க வேண்டும். மூன்று வருடம் முடித்து, மூன்று ஆண்டு வரி மதிப்பீட்டுக் கடிதங்களைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் புள்ளி தேவையில்லை.

பிராந்தியம் என்றதும் பொட்டல்காடு என்று பயப்படுகிறார்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றைத் தவிர மற்றதெல்லாம் இந்தக் கணக்கில் பிராந்தியம்தான். பெர்த், அடிலெய்டு, கான்பெரா, கோல்ட் கோஸ்ட், ஹோபார்ட், ஜீலாங் எல்லாம் இதில் வரும். 491-க்கு மெடிகேர் மருத்துவ வசதியும் உண்டு.

தங்கையை மனம் மாற வைத்தது குடியுரிமைக் கணக்கு. குடியுரிமைக்கு நாலு வருடம் சட்டப்படி இங்கே வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருடம் பி.ஆர். ஆக. 491-ல் இருந்த காலமும் அந்த நாலு வருடத்தில் சேரும். 189-ல் வந்தவரும் நாலு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும். 491-ல் வந்தவருக்கு மூன்றும் ஒன்றும் நாலு, நடுவில் 191 பரிசீலனைக்கு ஆகும் மாதங்கள்தான் கூடுதல். 189 அழைப்புக்காகச் சென்னையிலேயே இரண்டு வருடம் காத்திருப்பவர் என்னைவிடப் பின்தங்கித்தான் இருப்பார்.

சிரமமும் இருக்கிறது. மூன்று வருடம் முடியும்வரை 189, 190, முதலாளி வழி 186 என்று வேறு பாதைக்குத் தாவ முடியாது. சிட்னியில் பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் போக முடியாது. உங்கள் தொழிலுக்குச் சிறிய நகரத்தில் வேலை இருக்கிறதா என்று வேலைத் தளங்களில் ஒரு மாதம் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலாளி வழி: நிறுவனம் 482 என்ற தற்காலிக வேலை விசாவில் அழைத்து, இரண்டு வருடம் கழித்து 186 என்ற நிரந்தர விசாவுக்குப் பரிந்துரைக்கும். புள்ளிக் கணக்கு இல்லை. ஆனால் வேலை போனால் ஒவ்வொரு தடவையும் 180 நாட்களுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும்.

படி 6: விருப்ப மனு

அழைப்பு வரிசையில் சேர, அரசின் ஸ்கில்செலக்ட் தளத்தில் உங்கள் புள்ளி விவரத்தோடு விருப்ப மனு போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு விசாவுக்கும் மாநிலத்துக்கும் தனித்தனி மனு போடுவது நல்லது.

படி 3-ல் வட்டம் போட்ட தேதி இங்கே வேண்டும். அந்தத் தேதியில் ஒரே வேலையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முன்பகுதி தொழிலுக்குத் தொடர்பில்லாதது, பின்பகுதி தொடர்புள்ளது என்று குறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் தளம் உங்களுக்கு அதிகப் புள்ளி கொடுத்துவிடும், அழைப்பும் வரும், கடைசியில் விசா மறுக்கப்படும். இப்போதைய வேலையின் முடிவுத் தேதியைக் காலியாக விட்டால் அனுபவம் தானாக ஏறும். வேலையை விட்ட அன்றே உள்ளே போய்த் தேதியைப் போடுங்கள்.

படி 7: அழைப்பு வந்த பிறகு

60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதன்மை விண்ணப்பதாரருக்குக் கட்டணம் கிட்டத்தட்ட 5,000 ஆஸ்திரேலிய டாலர், துணைக்கு அதில் ஏறக்குறையப் பாதி. துணைக்கு அடிப்படை ஆங்கிலம் இருக்கிறது என்று காட்டாவிட்டால் இன்னொரு 5,000 அளவில் கூடும். ஆங்கில வழியில் படித்த பட்டத்துக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வாங்கினால் அந்தச் செலவு மிச்சம். காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் சேவா மூலம், மருத்துவப் பரிசோதனை அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்.

ஏஜென்ட் வைப்பதென்றால் அவருடைய ஆஸ்திரேலியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம் இருக்கும், அரசுப் பதிவேட்டில் தேடினால் பெயர் வர வேண்டும்.

491-ல் வந்து இறங்குபவர்கள் முதல் வாரமே ஒரு கோப்புப் போடுங்கள். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, ஒவ்வொரு வருடமும் வரும் வரி மதிப்பீட்டுக் கடிதம். 2025-ல் 191 போட உட்கார்ந்தபோது என் கோப்பில் அடிலெய்டில் குடியிருந்த இரண்டு வீடுகளின் காகிதமும் தேதி வாரியாக இருந்தன. ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.