தரங்கம்பாடிக்கு வருகிறீர்களா? கோட்டையைக் கடைசியில் பாருங்கள்

எனக்குச் சொந்த ஊர் பொறையார். திருக்கடையூர் பக்கத்திலேயே இருப்பதால், வருஷம் முழுக்க யாராவது ஒரு சொந்தக்காரருக்கு அங்கே அறுபதாம் கல்யாணமோ எண்பதோ நடந்துகொண்டே இருக்கும். விருந்து முடிந்து வெற்றிலை போட்ட கையோடு என்னைத் தேடுவார்கள். "பக்கத்துல ஏதோ டேனிஷ் கோட்டை இருக்காமே, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமா?" மணி இரண்டு. மண்டையைப் பிளக்கும் வெயில், எல்லோரும் பட்டில் இருப்பார்கள். வேன் நேராகக் கோட்டை முன்னால் போய் நிற்கும். பிள்ளைகளைப் பீரங்கிமேல் உட்காரவைத்து நாலு போட்டோ. அரை மணியில் "அவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே ஏறிவிடுவார்கள்.

கோட்டையை மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். சுற்றிலும் மைதானம், நடுவே மஞ்சள் கட்டடம், அந்தப் பக்கம் கடல். ஊரைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்குள் போனால்தான் அது எதற்கு அங்கே நிற்கிறது என்று புரியும். அதனால் நான் சொல்கிற வரிசை இதுதான்: விடிகாலையில் வாருங்கள், ஊர் வாசல் வழியாக நடந்தே நுழையுங்கள், கோட்டையைக் கடைசிக்கு வையுங்கள்.

விடிகாலையில் வர வேண்டும் என்றால் முந்தின இரவே பக்கத்தில் தங்கிவிடுவது நல்லது. திருக்கடையூரில் தங்கும் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முகூர்த்த நாள் என்றால் ஒரு அறை கிடைப்பதும் கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் தெற்கே காரைக்காலில் தங்கலாம். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். முன்பு அங்கிருந்து தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1926-இல் வந்த பாதையை 1986-இல் மூடிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் அந்த ரயிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் லேசில் விடமாட்டார்கள். இப்போது செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும் பஸ்தான். சிதம்பரத்திலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம் போகிற பஸ்களும் தரங்கம்பாடியில் நிற்கும்.

மெயின் ரோட்டில் இறங்கினால், கிழக்கே கடலை நோக்கிப் போகும் தெருவின் தலையில் வெள்ளை வெளேரென்று ஒரு வாசல் நிற்கும். 1792-இல் கட்டியது. டேனிஷ்காரர்கள் லேண்ட்போர்ட்டன் என்றார்கள். மதில் சூழ்ந்த ஊருக்கு நிலத்தின் பக்கமிருந்து நுழைகிற வழி அது. மேலே டென்மார்க் அரச முத்திரை இருக்கும், தலை நிமிர்ந்து பாருங்கள். வேனில் வருகிறவர்கள் இதற்குள் புகுந்து கடந்ததைக்கூடக் கவனிப்பதில்லை. வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து போங்கள். உள்ளே ஊர் சின்னது. இந்த வாசலிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடைதான்.

உள்ளே போகும் ராஜ வீதியில் அப்போதைக்கு எங்கேயும் நிற்காமல் நேரே கடலுக்குப் போய்விடுங்கள். விடியும்போது சூரியன் தெரு முனையிலேயே எழும். கடற்கரையை அடைந்ததும் இடதுபக்கம், வடக்கே திரும்பினால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. அதாவது டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே சிவன் கோயில் இருந்தது. சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று கல்வெட்டு சொல்கிற கரை ஊர் இது. 'டேனிஷ்காரர்கள் உண்டாக்கிய ஊர்' என்று யாராவது விளக்கம் சொன்னால் இங்கே கூட்டிவந்து நிறுத்துங்கள்.

கோயிலின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது திருப்பணி செய்து புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அலை அடிக்கிற பக்கம் கருங்கல் பாறைகளைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாறைகளின் மேல் ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம், பாசி பிடித்து வழுக்கும். குளிப்பதற்கு ஏற்ற கடலும் இல்லை இது. கால் நனைப்பதோடு சரி.

அதற்கும் வடக்கே மீனவர் குடியிருப்பு. காலையில் ஃபைபர் படகுகள் வந்து சேரும் நேரத்தில் போனால் ஏலம் பார்க்கலாம். வலையிலிருந்து சங்கராவையும் நெத்திலியையும் உதறி எடுத்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதில் தப்பில்லை. கருவாடு காயப்போடுகிற அக்காவைக் கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 'அன்னிக்கு என்ன நடந்துச்சு?' என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனவர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகக் கிளற வேண்டாம்.

அதற்குள் பசிக்கும். ஊருக்குள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், வந்த வழியே மெயின் ரோட்டுக்குப் போய் இட்லியும் டீயும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அப்புறம்தான் ராஜ வீதியை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தெருவில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. சீயோன் ஆலயம் 1701-இல் கட்டியது, கோட்டையில் இருந்த ஐரோப்பியர்களுக்கானது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் கட்டியது, தமிழ் லுத்தரன் சபையினருக்கானது. இன்றைக்கும் முதலாவது சி.எஸ்.ஐ. சபையிடமும், இரண்டாவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடமும் இருக்கின்றன. ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில், ஒரே மதத்துக்கு எதற்கு இரண்டு கோயில் என்று என் அத்தை கேட்டார். ஊரின் கதையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆளுகிறவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள், ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம்.

எருசலேம் ஆலயத்தின் முகப்பில் கிரீடத்தோடு ஓர் எழுத்து முத்திரை இருக்கிறது. நான்காம் பிரடெரிக் அரசருடையது. அவர் அனுப்பித்தான் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு மிஷனரிகள் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார்கள். அனுப்பியது டென்மார்க் அரசர், வந்தவர்கள் ஜெர்மன்காரர்கள். உள்ளே பலிபீடத்தின் அருகே சீகன்பால்குவின் கல்லறை. 1719-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், சுற்றிப்பார்க்க அது நேரமில்லை. மற்ற நாட்களில் கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், சாவி வைத்திருப்பவர் வந்து திறந்துவிடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது இங்கே வழக்கம்.

அடுத்து, அட்மிரல் வீதியில் இருக்கும் சீகன்பால்கு அருங்காட்சியகம். பத்திரிகை, அச்சு, பதிப்பு என்று ஏதோ ஒரு விதத்தில் எழுத்தோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்சு எழுத்துகள் 1713-இல் இங்கே வந்து சேர்ந்தன. எழுத்துகள் ரொம்பப் பெரிசு. காகிதமோ கப்பலில் வர வேண்டும், போதவில்லை. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளாக வார்த்துக்கொண்டார்கள். இங்கிலாந்திலிருந்து அனுப்பிய பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத் தகடுகளை அதற்காக உருக்கினார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பைபிளின் புதிய ஏற்பாடு தமிழில் 1715-இல் அச்சில் முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாரில் ஓர் ஆலையும் வைத்தார்கள். அந்த இடம் எங்கள் ஊரில் இன்னும் கடுதாசிப்பட்டறைதான்.

பத்தரை மணி வாக்கில் கோட்டைக்கு வாருங்கள். வழியில் புதுப்பித்து நிற்கிற டேனிஷ் கவர்னர் பங்களாவைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கோட்டைக்குள் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியமும் சிறிது நேரம் மூடுவார்கள். அந்த இரண்டையும் பார்த்து நாளைக் குறியுங்கள்.

போர்த்துகீசியர் கையிலிருந்து தப்பிக் கரையேறிய கிராப்பே என்ற டேனிஷ் வணிகக் கம்பெனி ஆள், தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய கப்பல் காரைக்கால் அருகே தாக்கப்பட்டு மூழ்கியிருந்தது. பின்னாலேயே டேனிஷ் கப்பற்படையோடு வந்த ஓவ் யெடே என்பவர் நாயக்கரோடு பேசி முடித்து, 1620 நவம்பரில் ஒப்பந்தம் போட்டார். அதன்படி எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. வேண்டியது மிளகு. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டு தளம். கீழ்த்தளத்தில் பண்டகசாலை, வெடிமருந்து அறை, சிறை. மேல்தளத்தில் அதிகாரிகளின் இருப்பிடமும் வழிபாட்டு இடமும். எல்லோரும் மேலே கடல் காற்றுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கீழே போங்கள். வளைந்த கூரை தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்திருக்கும் அறைகள். சுண்ணாம்புப் பூச்சில் உப்புப் பூத்திருக்கும், விரலால் தொட்டால் மாவாக உதிரும். பூச்சு விழுந்த இடத்தில் நம் வீட்டுச் செங்கல்லைவிடத் தட்டையான செங்கல் வரிவரியாகத் தெரியும். சீகன்பால்குவை 1708-இல் இந்தக் கோட்டையில்தான் நாலு மாசம் அடைத்து வைத்தார்கள். அடைத்தவர் ஹாசியுஸ் என்ற டேனிஷ் தளபதி. அரசர் அனுப்பிய ஆளை அரசரின் அதிகாரியே சிறைவைத்தார். தெருவில் ஆளுகிறவர்களுக்கு ஒன்று, ஊர்க்காரர்களுக்கு ஒன்று என்று இரண்டு கோயிலையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதற்காகத்தான் கோட்டையைக் கடைசியில் வைக்கச் சொன்னேன்.

மேலே போனதும் கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள், பீரங்கிகள் எந்தத் திசையை நோக்குகின்றன என்று. 1845-இல் இந்தக் கோட்டை, ஊர் எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் வருஷக் கதை கிரயப் பத்திரத்தில் முடிந்தது.

எந்த மாசம் என்று கேட்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் மழையும் புயல் எச்சரிக்கையும் உண்டு. கத்திரி வெயிலில் வருகிறவர்களை நான் தடுப்பதில்லை, கூட வருவதுமில்லை. குடை, தண்ணீர், தொப்பி கட்டாயம். கோட்டை மைதானத்தில் நிழலே கிடையாது. பெரியவர்கள் கூட இருந்தால் கோட்டைப் படிகளை யோசித்துக்கொள்ளுங்கள், அவர்களை ஆலயத்தோடு நிறுத்தி நிழலில் உட்காரவைப்பது மேல்.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் பூம்புகாரா, காரைக்காலா என்று ஒரு குழப்பம் வரும். என்னைக் கேட்டால் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த ஊர், பஸ்ஸில் அரை மணி. அங்கே நல்ல மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, இன்னும் தெம்பு இருந்தால் டச்சுக்காரர்கள் இருந்த நாகப்பட்டினத்துக்கும் போகலாம். முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று தேசத்துக்காரர்கள் கடை விரித்த கரை இது. பூம்புகாரைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருக்கடையூருக்கு அடுத்த அறுபதாம் கல்யாணம் எப்படியும் வரும்.