டோக்கியோ சுஷி கவுன்டரில் செய்யக் கூடாதவை

டோக்கியோவின் கின்சா பகுதியில் பெயர் பெற்ற சுஷிக் கடைகள் பெரும்பாலும் அளவில் மிகச் சிறியவை. எட்டு, பத்து இருக்கைகள், ஒரே ஒரு நீள மரக் கவுன்டர், அதற்கு அந்தப் பக்கம் செஃப். மெனு கார்டு கிடையாது. ‘ஒமகாசே’ முறையில் எதை, எந்த வரிசையில் தருவது என்று செஃப்பே முடிவு செய்வார். இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 30,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம்.

முதல்முறை போகிறவர்கள் சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியவில்லையே என்றுதான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதை அங்கே யாரும் பெரிதுபடுத்துவதில்லை. சாப்பாட்டை உண்மையிலேயே கெடுக்கிற தவறுகளில் பாதி, கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

முதலாவது, முன்பதிவை லேசாக எடுத்துக்கொள்வது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே இரவுக்கு இரண்டு கடைகளில் இடம் பிடித்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒன்றைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கென்று மீன் வாங்கிப் பக்குவப்படுத்தி வைத்திருக்கும் கடையில் ஒரு நாற்காலி காலியானால், அந்த மீனும் உழைப்பும் வீண். வழியில் போகிறவர் யாரும் உள்ளே வந்து அந்த இடத்தில் உட்காரப் போவதில்லை. அதனால்தான் பல கடைகள் கிரெடிட் கார்டு விவரத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ரத்து செய்தால் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்கின்றன. இதில் எனக்குக் கடைக்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சில கடைகள் முன்பின் தெரியாதவரிடமிருந்து நேரடியாக முன்பதிவே வாங்குவதில்லை. 2014-இல் அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவும் ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேயும் சேர்ந்து சாப்பிட்ட சுகியபாஷி ஜிரோ என்ற கடை, பொதுமக்கள் எளிதில் இடம் பதிவு செய்ய முடியாது என்ற காரணத்தால் 2019-இல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் வழிகாட்டியின் பட்டியலிலிருந்தே விடப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்கு, தங்கும் ஹோட்டலின் வரவேற்பில் இருப்பவர்களைக் கேட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி.

அடுத்தது நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. எதைச் சாப்பிட மாட்டோம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கவுன்டரில் உட்கார்ந்த பிறகு “நான் சைவம்” என்றால், செஃப்பால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. மீன் துண்டைத் தள்ளி வைத்துவிட்டால் மிச்சமெல்லாம் சைவம் என்று நினைப்பதும் தப்பு. ஜப்பானிய சமையலுக்கு அடிப்படையான தாஷி என்ற சாறு, பெரும்பாலும் உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவிப் போட்டுத்தான் தயாராகிறது. மிசோ சூப்பிலும் ஆவியில் வேகவைத்த முட்டைக் கிண்ணத்திலும் அது இருக்கும். கடைசியில் வரும் இனிப்பான முட்டைத் துண்டில்கூடப் பல கடைகளில் இறாலையோ வெள்ளை மீனையோ அரைத்துச் சேர்த்திருப்பார்கள்.

சுத்த சைவக்காரர்கள் சுஷி கவுன்டருக்கே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அவர்களுக்கு ஜப்பானில் அதைவிடப் பொருத்தமான சாப்பாடு இருக்கிறது. பௌத்த மடங்களில் வளர்ந்த ஷோஜின் ரியோரி அது. அதில் சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த ஷிடாகே காளானிலும் எடுக்கப்படுகிறது. வெங்காயம், பூண்டுகூடச் சேராது. கியோட்டோவில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்ஸு என்ற உணவகத்தில் இதைப் பரிமாறுகிறார்கள். மீன் சாப்பிடுவேன், மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு சுஷிக் கடையில் சிக்கல் குறைவு. ஆனால், கைசெகி என்னும் பல கட்ட விருந்துக்குப் போனால் அதில் வாக்யு மாட்டிறைச்சி வரக்கூடும். அங்கேயும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

மாலை 6 மணிக்கு என்றால் 6 மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். பல கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு ஆரம்பிக்கும். அந்த நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் சோற்றை வடித்து வினிகர் கலந்து வைத்திருப்பார்கள். ஒருவர் இருபது நிமிடம் தாமதித்தால் மற்ற அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும், அல்லது அவர் சில துண்டுகளை இழக்க வேண்டும். சென்ட் போட்டுக்கொண்டும் போகக் கூடாது. மெல்லிய மீனின் வாசனையை நம்பி நடக்கும் தொழில் இது. பக்கத்தில் இருப்பவரும் அதே வாசனைக்காகத்தான் அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார். தலையில் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம். வளையல், மோதிரம், கனமான வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள். கவுன்டர் பெரும்பாலும் வார்னிஷ் அடிக்காத ஹினோகி மரம். உலோகம் உரசினால் கோடு விழுந்துவிடும். போனையும் அதன் மேல் வைக்காதீர்கள்.

இனி சாப்பிடும் நேரம். செஃப் கையில் சோற்றை இரண்டு, மூன்று அசைவில் பிடித்து, மேலே மீனை வைத்து, தூரிகையால் லேசாக சோயா சாஸ் பூசி உங்கள் முன்னால் வைக்கிறார். உற்றுப் பாருங்கள். இப்படிக் கையால் பிடிக்கும் சுஷிக்கு நிகிரி என்று பெயர். நன்றாகப் பிடித்த நிகிரி, வைத்த மறுகணம் தானாகவே ஒரு நூல் அளவு கீழே அமரும். பருக்கைகளுக்கு இடையில் காற்று இருக்கும்படி தளர்வாகப் பிடித்திருப்பதால் மீனின் எடைக்கு அது இறங்குகிறது. சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். இந்த வித்தியாசம் நீடிப்பது சில நொடிகள்தான். கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்த தோசையை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருப்போமா? இங்கேயும் அப்படித்தான். படம் எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதித்தால் ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்று எடுத்துவிட்டு உடனே சாப்பிடுங்கள். நான்கு கோணத்தில் எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறி, மீனும் வாட ஆரம்பித்துவிடும்.

கையால் எடுத்துச் சாப்பிடலாம், அதில் தப்பே இல்லை. நிகிரி சுஷி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்துத் தெருவோரக் கடைகளில் நின்றபடி சாப்பிட்ட உணவு. எடோதான் இன்றைய டோக்கியோ. முழுவதையும் ஒரே வாயில் போட வேண்டும். கடித்து மீதியைத் தட்டில் வைத்தால் சோறு உதிர்ந்துவிடும். துண்டு பெரிதாகத் தெரிந்தால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம், செஃப் சந்தோஷமாகச் செய்வார். மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்குவதுதான் அவரைப் புண்படுத்தும். அந்தச் சோற்றுக்காக அவர் பல வருடம் பழகியிருக்கிறார்.

சோயா ஏற்கெனவே பூசியிருந்தால் மறுபடி தோய்க்க வேண்டாம். பூசாமல் தந்தால் மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். சோற்றுப் பக்கம் பட்டால் அது உறிஞ்சிக் கரிக்கும், உடைந்தும் போகும். வசாபி என்ற காரமான பச்சை விழுதை சோயாவில் கரைத்துக் குழம்பாக்குவது நம் ஊர் ஜப்பானிய உணவகங்களில் எங்கும் பார்க்கிற பழக்கம். நல்ல கடையில் வேண்டிய அளவு வசாபியை செஃப்பே உள்ளே வைத்திருப்பார். இஞ்சி ஊறுகாயை சுஷியின் மேல் அடுக்காதீர்கள். ஒரு மீன் முடிந்து அடுத்தது வருவதற்குள் வாயைச் சுத்தம் செய்துகொள்ளத்தான் அது.

சாப்ஸ்டிக்கில் இரண்டை மட்டும் மறக்காமல் தவிருங்கள். சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றுவதும் சாவு வீட்டுச் சடங்குகள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் கைமாற்றுவார்கள்.

டிப்ஸ் வைக்க வேண்டாம். ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை, மேசையில் விட்டுவந்த பணத்தைத் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். சேவைக் கட்டணம் உண்டென்றால் பில்லிலேயே சேர்ந்திருக்கும். கார்டு வாங்குவார்களா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ரொக்கம் மட்டும் வாங்குகிற கடைகளும் இருக்கின்றன. சாப்பிட்டு முடித்தபின் செஃப்பிடம் “கொச்சிசோ சாமா தெஷ்தா” என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். பல கடைகளில் இரவு எட்டரை மணிக்கு அடுத்த பந்திக்கான ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் கவுன்டரைத் துடைத்துப் புதிதாகச் சோறு தயார் செய்ய வேண்டும்.