ஹோம் அசிஸ்டென்ட்டில் போகவே போகாத அறிவிப்புகளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

சுவரில் மாட்டிய டேப்லெட்டில் மணிச் சின்னத்தின் பக்கத்தில் 14 என்று நிற்கிறதா? அதில் பெரும்பாலானவை முடிந்துபோன கதையாக இருக்கும். உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்று அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ சிக்கிக் கிடக்கும். கொஞ்ச நாளில் வீட்டில் யாரும் அந்த மணியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்தான் ஹோம் அசிஸ்டென்ட். இந்தப் பதிவு அதைப் புதிதாக நிறுவியவர்களுக்கு. கடைசிப் பகுதியைத் தவிர எதற்கும் யாம்ல் (அமைப்புகளை வரிவரியாக எழுதும் கோப்பு வடிவம்) எழுத வேண்டியதில்லை, எல்லாம் திரையிலேயே முடிந்துவிடும்.

படி 1: இருப்பதைப் படித்துவிட்டு நீக்குங்கள்

சைடுபாரின் கீழே 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று மணி இருக்கும். அதைத் தொட்டால் அறிவிப்புகள் அட்டை அட்டையாகத் திறக்கும். ஒவ்வொன்றிலும் 'டிஸ்மிஸ்' உண்டு, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்கவும் வழி உண்டு. உடனே துடைத்துவிடாதீர்கள். இரண்டு வகை அட்டைகளைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதல் வகை, 'லாகின் அட்டெம்ப்ட் ஃபெயில்டு'. யாரோ தவறான பாஸ்வேர்டுடன் நுழையப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பயப்படுவதற்கு முன் அட்டையில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் ஏதோ ஒரு கருவி. பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும் டேப்லெட்டாகவோ, ஒரு மூலையில் திறந்தே கிடக்கும் பிரவுசராகவோ இருக்கலாம். ரவுட்டரின் பக்கத்தில் எந்த முகவரி எந்தக் கருவிக்கு என்று பார்த்து, அதில் ஒருமுறை லாக்-அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். முகவரி வெளியிலிருந்து வந்தது, உங்களுக்குத் தெரியாதது என்றால் விஷயம் வேறு. பாஸ்வேர்டை மாற்றி, ப்ரொஃபைல் பக்கத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது வகை, 'இன்வேலிட் கான்ஃபிக்'. இதை டிஸ்மிஸ் செய்வதால் ஒன்றும் ஆகாது, அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பி வந்து நிற்கும். செட்டிங்ஸில் லாக்ஸ் பகுதியைத் திறந்து எந்தக் கோப்பு, எந்த வரி என்று பாருங்கள்.

மற்றதெல்லாம் போகட்டும், துடைத்துவிடலாம்.

படி 2: கையால் ஓர் அறிவிப்பை உருவாக்கிப் பாருங்கள்

டெவலப்பர் டூல்ஸுக்குப் போய் 'ஆக்‌ஷன்ஸ்' தாவலைத் திறங்கள். பழைய வழிகாட்டிகளில் இதை 'சர்வீஸஸ்' என்று எழுதியிருப்பார்கள். 2024.8 பதிப்பில் பெயர் மாறியது, பொருள் அதேதான். தேடல் பெட்டியில் 'பெர்சிஸ்டென்ட் நோட்டிஃபிகேஷன்' என்று தேடினால் மூன்று வரும்: கிரியேட், டிஸ்மிஸ், டிஸ்மிஸ் ஆல்.

கிரியேட்டை எடுங்கள். மெசேஜ், டைட்டில், நோட்டிஃபிகேஷன் ஐடி என்று மூன்று பெட்டிகள். மெசேஜ் மட்டும் கட்டாயம். அதில் 'சோதனை' என்று எழுதி, ஐடியைக் காலியாக விட்டு, பட்டனை மூன்று முறை அழுத்துங்கள். மணியில் மூன்று அட்டைகள் சேர்ந்திருக்கும். இப்போது ஐடி பெட்டியில் 'டெஸ்ட்_1' மாதிரி ஏதாவது ஒரு பெயர் கொடுத்து (ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்) மறுபடி மூன்று முறை அழுத்துங்கள். இந்த முறை ஒரே ஓர் அட்டைதான் வரும். மெசேஜை மாற்றி அழுத்தினால் அதே அட்டையின் உள்ளடக்கம் மாறும், புதிதாக ஒன்று முளைக்காது.

மணியில் எண் ஏறிக்கொண்டே போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஐடி இல்லாததுதான். ஐடி இல்லாத அறிவிப்பை ஆட்டோமேஷனால் ('இது நடந்தால் அதைச் செய்' என்று நாம் வைக்கும் விதி) குறிபார்த்து நீக்கவும் முடியாது. அதனால் எதை உருவாக்கினாலும் ஐடி கொடுத்தே உருவாக்குங்கள்.

படி 3: வரவழைப்பதும் அனுப்பிவைப்பதும் ஜோடியாக

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அது 30 நிமிடத்துக்கு மேல் ஓடினால் அறிவிப்பு வர வேண்டும், மோட்டார் நின்றதும் அறிவிப்பு தானே போக வேண்டும்.

(ஒரு எச்பி மோட்டாரைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் நேரடியாகச் செருகாதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது அது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. எலக்ட்ரீஷியனை வைத்து கான்டாக்டர் எனும் கனமான மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்சைப் போட்டு, அதன் வழியாக இயக்குங்கள்.)

செட்டிங்ஸ், ஆட்டோமேஷன்ஸ், புதியது. 'வென்' பகுதியில் ஸ்டேட் ட்ரிக்கர் சேர்த்து மோட்டார் சுவிட்ச்சைத் தேர்ந்தெடுங்கள். 'டு' என்பதில் ஆன், 'ஃபார்' என்பதில் 30 நிமிடம். 'ஃப்ரம்' பெட்டியைக் காலியாக விடுங்கள். அதில் ஆஃப் என்று போட்டுவிட்டால், இடையில் வைஃபை அறுந்து சுவிட்ச் 'அன்அவெய்லபிள்' ஆகித் திரும்பும்போது 30 நிமிடக் கணக்கு மறுபடி தொடங்கவே தொடங்காது. காலியாக இருந்தால் பூஜ்ஜியத்திலிருந்தாவது தொடங்கும்.

'தென் டூ' பகுதியில் கிரியேட் ஆக்‌ஷன். ஐடி 'மோட்டார்_ஆன்'. மெசேஜில் நடந்ததோடு செய்ய வேண்டியதையும் எழுதுங்கள். 'மோட்டார் அலர்ட்' என்று மட்டும் இருந்தால் அம்மாவுக்கு என்ன புரியும்? 'மோட்டார் அரை மணி நேரமாக ஓடுகிறது. தொட்டியைப் பார்த்துவிட்டு அணைக்கவும்' என்று தமிழிலேயே எழுதலாம்.

அப்புறம் இரண்டாவது ஆட்டோமேஷன்: அதே சுவிட்ச் ஆஃப் ஆனால், டிஸ்மிஸ் ஆக்‌ஷன், அதே ஐடி. இரண்டையும் ஒரே ஆட்டோமேஷனில் 'சூஸ்' போட்டு அடக்கலாம்தான். தொடக்கத்தில் தனித்தனியாக இருந்தால் எது ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம்.

ஒரு எச்சரிக்கை. ஹோம் அசிஸ்டென்ட்டை ரீஸ்டார்ட் செய்தால் அந்த 30 நிமிடக் கணக்கு அறுந்துவிடும். மணியில் இருக்கும் அட்டைகளும் மறைந்துவிடும், ஏனென்றால் அவை நினைவகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. ஆகவே தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க இதை மட்டும் நம்பாதீர்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் இருக்கட்டும், இது கூடுதல் கண் மட்டுமே.

படி 4: வந்து வந்து போகும் அறிவிப்பு

ஃப்ரீசரில் வெப்பநிலை சென்சார் வைத்திருந்தால் இந்தத் தொல்லை வரும். -10 டிகிரிக்கு மேல் போனால் அறிவிப்பு, கீழே வந்தால் நீக்கு என்று வைத்தால், எல்லைக்கோட்டில் அளவு ஆடும்போதெல்லாம் அட்டை வந்து போகும். ஃப்ரீசர்கள் பொதுவாக -18-இல் இயங்குபவை. அதனால் -10-க்கு மேல் 20 நிமிடம் நீடித்தால் உருவாக்கு, -15-க்குக் கீழே இறங்கினால் மட்டும் நீக்கு என்று இடைவெளி விட்டு வையுங்கள். கதவைத் திறந்து ஐஸ்கிரீம் எடுத்ததற்கெல்லாம் மணி அடிக்காது.

படி 5: மணியே தெரியாத பேனல்

சுவர் டேப்லெட்டில் பலரும் கியாஸ்க் மோட் போட்டு சைடுபாரை மறைத்துவிடுகிறார்கள். கூடவே மணியும் மறைந்துவிடும். எத்தனை அறிவிப்பு என்று எண்ணிக் காட்டும் கார்டு ஒன்றைப் பழைய கட்டுரைகள் சொல்லும். அதைத் தேடி அலையாதீர்கள். 2023.6 பதிப்பிலிருந்து இந்த அறிவிப்புகள் என்டிட்டிகளாக (சுவிட்ச், சென்சார் போல நிலையைக் காட்டும் தனித்தனி உருப்படிகள்) சேமிக்கப்படுவதில்லை, அதனால் அந்த வழி வேலை செய்யாது.

மாற்று வழி எளிது. டாஷ்போர்டில் மோட்டாருக்கு ஒரு கார்டு வைத்து, அதன் 'விசிபிலிட்டி' தாவலில் 'மோட்டார் ஆன்-ஆக இருந்தால் மட்டும் காட்டு' என்று நிபந்தனை போடுங்கள். கார்டைத் தொட்டாலே மோட்டார் நிற்கும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

வெளியே போயிருக்கும்போது போனிலும் வர வேண்டுமா? ட்ரிக்கர் பட்டியலில் 'பெர்சிஸ்டென்ட் நோட்டிஃபிகேஷன்' என்றே ஒன்று உண்டு. அதில் 'ஆடட்' தேர்ந்தெடுத்து, ஆக்‌ஷனில் உங்கள் போனுக்கு அறிவிப்பு அனுப்பும் 'நோட்டிஃபை'யை வையுங்கள். ஐடி பெட்டியை நிரப்பினால் அந்த ஒரு அறிவிப்புக்கு மட்டும் போன் ஒலிக்கும். நிரப்பாமல் விடாதீர்கள், மணியில் விழும் ஒவ்வொன்றும் போனுக்கும் வரும். போனில் நகர்த்த முடியாத அறிவிப்பாக வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 14-இலிருந்து அப்படிப்பட்டவற்றையும் பொதுவாக விரலால் தள்ளிவிடலாம் என்பதால் அதை ரொம்ப நம்ப வேண்டாம்.

படி 6: யாராவது 'பார்த்துவிட்டேன்' என்று சொல்லும்வரை

தண்ணீர்க் கசிவு, கேஸ் கசிவு போன்றவற்றுக்கு ஒருமுறை வந்து சும்மா நிற்கும் அட்டை போதாது. அதற்கு 'அலர்ட்' என்ற தனி இன்டெகிரேஷன் இருக்கிறது. இதை மட்டும் கான்ஃபிகரேஷன் கோப்பில் யாம்லாக எழுத வேண்டும். ஒரு பெயர், எந்த சென்சார், எந்த நிலை, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த நோட்டிஃபை வழியாக என்று கொடுத்தால் போதும். 5, 15, 30 என்று வரிசையாகக் கொடுத்தால் இடைவெளி அப்படியே நீண்டு, பிறகு 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும்.

அலர்ட்டுக்கு ஒரு என்டிட்டி உருவாகும். டாஷ்போர்டில் வைத்து அதைத் தட்டினால் நிலை 'ஆஃப்' ஆகும். அதாவது பார்த்தாயிற்று, இனி தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். பிரச்சினை தீர்ந்ததும் 'ஐடில்' நிலைக்குத் திரும்பும். 'ஆஃப்' என்று காட்டுகிறதே, கசிவு நின்றுவிட்டது போல என்று வீட்டில் யாராவது நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அந்தக் கார்டுக்குப் பக்கத்திலேயே சென்சாரின் நிலையையும் வைத்துவிடுங்கள்.