ஈ.சி.ஆர். வில்லாவில் எட்டுப் பேர், இரண்டு ராத்திரி

சென்னையை அடுத்த கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரின் கடல் பக்கம் வாடகை வில்லாக்கள் வரிசையாக இருக்கின்றன. நான்கு படுக்கையறை இருந்தால் எட்டுப் பேர் நெருக்கியடிக்காமல் தங்கலாம். ஆனால் ஓட்டலில் தானாக நடக்கிற எதுவும் இங்கே தானாக நடக்காது. குடிநீர், கேஸ், ஜெனரேட்டர் டீசல், குப்பை எல்லாவற்றையும் யாராவது முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் கேர்டேக்கரைத் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

முதலில் நாள். தையும் மாசியும்தான் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் போட்ட அட்வான்ஸோடு திட்டமும் போகும். சனிக்கிழமையை விட்டு ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் காலை திரும்பினால் வாடகை நன்றாகவே குறையும், சாலையிலும் நெரிசல் உங்களுக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும். ஒரு சிக்கல் உண்டு: வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. பார்ப்பதென்றால் ஞாயிறு போகிற வழியிலேயே பார்த்துவிடுங்கள்.

இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க இங்கே வழியில்லை. அதற்குப் பதில் பௌர்ணமியை ஒட்டி நாள் பிடியுங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் நிலா நேராகக் கடலிலிருந்து எழும். கூடுதல் காசு கேட்காத ஒரே வசதி அதுதான். மாசி மகப் பௌர்ணமியில் மட்டும் இருளர் மக்கள் கன்னியம்மன் வழிபாட்டுக்காக மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகக் கூடுவார்கள். அமைதி வேண்டுமென்றால் அன்றைக்கு ஊரை விட்டுத் தள்ளி வீடு எடுங்கள்.

வீட்டைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே வீட்டின் படம் மூன்று பெயர்களில் விளம்பரமாக வருவதுண்டு. கேர்டேக்கரை வீடியோ காலில் வரச் சொல்லி, வாசல் கேட்டிலிருந்து மணல் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். 'பீச் ஃப்ரண்ட்' என்று போட்டிருக்கும். நடுவில் சவுக்குத்தோப்பும் பூட்டிய கதவும் இருக்கும். அப்படியே குளியலறைக் குழாயைத் திறக்கச் சொல்லி, போர் தண்ணீரா லாரித் தண்ணீரா என்று கேளுங்கள். கடலோரத்துப் போரில் உப்பு ஏறியிருந்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். குளிக்க மட்டுமாவது நல்ல தண்ணீர் தொட்டி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஏ.சி. உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் குழாய்ச் சுருள் அரித்து, கேஸ் கசிந்து, காற்று வரும் ஆனால் குளிராது. ஒவ்வொரு அறையிலும் ஓடவிட்டுக் காட்டினால்தான் நம்பலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, வெறும் ஃபேனும் லைட்டும்தானா, டீசல் யார் கணக்கு? கடைசிக் கேள்வியைக் கேட்காததால்தான் கிளம்பும் நாளில் பாதிச் சண்டை வருகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகே அட்வான்ஸ். தேதி, ஆள் எண்ணிக்கை, அட்வான்ஸ், டெபாசிட், சுத்தம் செய்யும் கட்டணம், டெபாசிட் திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, வீட்டுக்காரரிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்குங்கள். எட்டுப் பேரின் அடையாள அட்டையும் கேட்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்குவதை அரசிடம் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, முன்பே சொல்லிவிடுங்கள்.

பணத்தை ஒருவர் கையில் கொடுங்கள். தலைக்கு இவ்வளவு என்று முன்பே வசூலித்து, மளிகைக்கும் மீனுக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். குடிக்காதவர் இருந்தால் சரக்குக் கணக்கைத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் மனக்கசப்புதான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், இரவு 10-க்கு மூடிவிடும். பாண்டிச்சேரிப் பாட்டில் யோசனையே வேண்டாம். செக்போஸ்ட்டில் பிடித்தால் வழக்கு.

இனி சாப்பாடு. மாமல்லபுரம், கோவளம் இரண்டிலும் காலையில் படகு கரையேறும்போது போனால் மீன் பளிச்சென்று இருக்கும். கண் பிதுங்கித் தெளிவாகவும், செவுள் ரத்தச் சிவப்பாகவும் இருந்தால் வாங்கலாம். எட்டுப் பேருக்கு ஒரு வேளை வறுவலுக்கு 2 கிலோ வஞ்சிரம், அரை அங்குலத் துண்டாக. சங்கரா போல முழு மீன் என்றால் தலை, குடல், செதில் போக மூன்றில் ஒரு பங்கு குறையும், அதனால் 3 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டு மூடிய பெட்டியில் வையுங்கள். வில்லா ஃபிரிட்ஜ் அதற்குள் தண்ணீர் பாட்டிலால் நிரம்பியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு கொண்டுவருவதுதான் கிடைக்கும். விலை ஏறும், பழைய ஐஸ் மீனும் கலந்து வரும். அந்த மாதங்களில் கோழிக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

2 கிலோ மீனுக்கு மிளகாய்த்தூள் நான்கு மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது மூன்று, உப்பு ஒன்றரை, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, எலுமிச்சை இரண்டு. அரை மணி நேரம் ஊறினால் போதும். அதற்கு மேல் எலுமிச்சையில் கிடந்தால் சதை வெந்தது போலாகி, கல்லில் போட்டதும் உதிரும். கரியில் சுடுவதானால் 2 கிலோ கரி வாங்குங்கள். பற்றவைத்து அரை மணி கழித்து, மேலே சாம்பல் பூத்த பிறகே மீனை வைக்க வேண்டும்; சுவாலை இருக்கும்போது வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். மாலையில் காற்று கடலிலிருந்து வீடு நோக்கி வீசும். அடுப்பை வீட்டின் கடல் பக்கம் போட்டால் புகை முழுக்கப் படுக்கையறைக்குத்தான்.

அரிசி ஒரு வேளைக்கு 800 கிராம், குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் நான்கு. சிலிண்டரை வந்த உடனே தூக்கிப் பாருங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு அல்ல. வில்லாச் சமையலறைகளில் கத்தி மழுங்கியிருக்கும், நான்ஸ்டிக் உரிந்திருக்கும். வீட்டிலிருந்து ஒரு கத்தி, ஒரு இரும்பு தோசைக்கல், லைட்டர், டீ வடிகட்டி எடுத்து வந்தால் போதும்.

கடலைப் பற்றிக் கறாராகவே சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அலை உடைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அலையே இல்லாமல் கலங்கலாக ஒரு பட்டை அமைதியாகத் தெரியும். குளிக்க வசதியான இடம் போல இருக்கும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற பாதை அது, ஆளையும் சேர்த்து இழுக்கும். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது அதைவிட நல்லது. குடித்தவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீச்சல் குளத்துக்கும் இதே விதிதான். குளத்தின் அடித்தரை தெளிவாகத் தெரியவில்லை என்றால் அன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம்.

பகல் 11 முதல் 3 வரை வீட்டுக்குள் தூங்குங்கள், சீட்டாடுங்கள். ஊர் சுற்றுவதை ஒரே ஒரு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயில், அதே டிக்கெட்டில் ஐந்து ரதம், வெயில் ஏறுமுன் இட்லி. அதற்கு மேல் பட்டியல் போட்டால் வில்லா எடுத்ததற்கு அர்த்தமில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் சத்தம் சட்டப்படி கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தால் போலீஸ் வரும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் என்பதால், கடலைப் பார்த்த விளக்குகளை ராத்திரி அணைத்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு அறையையும், உடைந்த கண்ணாடி, கறை படிந்த மெத்தை உட்பட, வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். கரண்டுக்குத் தனிக்கட்டணம் என்றால் மீட்டரையும் வந்தபோதும் போகும்போதும் படமெடுங்கள். மீன் கழிவைத் தனிப் பையில் கட்டி, எங்கே போடுவதென்று கேர்டேக்கரிடம் கேட்டுப் போடுங்கள். அவர் கூடவே நின்று அறைகளைப் பார்த்து, 'எல்லாம் சரி' என்று வீட்டுக்காரரிடம் போனில் சொன்ன பிறகே சாவியைக் கொடுங்கள்.