எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கும் முன் கழுத்தைத் தடவிப் பாருங்கள்

கடையில் போய் ஷேவர் காட்டுங்க என்று கேட்டால் முக்கால்வாசி நேரம் ட்ரிம்மரைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆன்லைனிலும் அதே கதைதான். இரண்டும் ஒன்றில்லை. ட்ரிம்மர் முடியைக் குறைக்கும், சீப்பு எதுவும் மாட்டாமல் அடியோடு ஓட்டினாலும் அரை மில்லிமீட்டர் போல நிற்கும், தடவினால் சொரசொரக்கும். ஷேவர் தோல் மட்டம் வரைக்கும் வழித்துவிடும். தாடியைச் செதுக்கி வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் ட்ரிம்மரோ பிலிப்ஸின் ஒன்பிளேடு மாதிரி ஏதாவதோ போதும், ஷேவருக்குக் காசைப் போட வேண்டாம். மழமழவென்று வேண்டும், ஆனால் பிளேடும் நுரையும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் இது.

ஷேவரில் ஃபாயில், ரோட்டரி என்று இரண்டே வகை. ஃபாயிலில் மேலே பேப்பர் மாதிரி மெல்லிய தகடு, அதில் பொடிப்பொடி ஓட்டைகள், அதற்கு அடியில் பிளேடு இடமும் வலமுமாக ஓடும். பிரவுன் 1950-ல் விட்ட எஸ்50 இந்த வகை, இன்றைக்கும் பிரவுன், பானசோனிக் என்றால் பெரும்பாலும் ஃபாயில்தான். ரோட்டரியில் வட்டத் தலைகளுக்குள்ளே கட்டர் சுற்றும். பிலிப்ஸ் 1939-ல் ஒற்றைத் தலையோடு ஆரம்பித்தது, இப்போது மூன்று தலை. எது உசத்தி என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எந்தத் தாடிக்கு எது என்பதுதான் கேள்வி.

1. எத்தனை நாளைக்கு ஒருமுறை?

தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் ஃபாயில். ஓட்டைக்குள் முடி நிமிர்ந்து நுழைந்தால்தான் அது வெட்டும், முடி வளர்ந்து சாய்ந்துவிட்டால் தகடு அதன் மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். வாரக் கடைசியில் மட்டும் முகத்தைப் பார்க்கிற ஆட்களுக்கு ரோட்டரி கொஞ்சம் தாங்கும், அதன் தலையில் நீளமான கீறல்கள் இருப்பதால் நீண்ட முடியும் உள்ளே போகும். எதுவாக இருந்தாலும் மூன்று நாளைத் தாண்டிய தாடியை முதலில் ட்ரிம்மரில் ஓட்டிவிட்டு அப்புறம் ஷேவரை எடுங்கள். இல்லாவிட்டால் முடியைப் பிடித்து இழுக்கும், கண்ணில் தண்ணீர் வரும்.

2. கழுத்து

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஐந்து பிளேடா மூன்று பிளேடா, நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் வெட்டு என்றெல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருப்போம். கன்னத்தில் எந்த ஷேவரும் நன்றாகத்தான் ஓடும், மானம் போவது கழுத்தில்.

இரண்டு நாள் ஷேவ் செய்யாமல் விடுங்கள். பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் ஒரு கண்ணாடியை வைத்து, விரல் நுனியால் கழுத்தை நாலு பக்கமும் தடவுங்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், காதிலிருந்து தொண்டைக்கு, தொண்டையிலிருந்து காதுக்கு. வழுக்கிக்கொண்டு போகிற திசையில் முடி படுத்திருக்கிறது, சொரசொரவென்று தடுக்கிற திசை அதற்கு எதிர். விரலில் சரியாகப் புரியவில்லை என்றால் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், எதிர்த்திசையில் போகும்போது பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஒரு பேப்பரில் முகத்தைக் கிறுக்கி அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள், பிறகு உதவும்.

எனக்குக் கழுத்தில் இடப்பக்கம், தாடை எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே, ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் முடி காதைப் பார்த்துப் படுத்திருக்கிறது. பிளேடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஃபாயிலை மேலும் கீழுமாக எத்தனை முறை ஓட்டினாலும் அங்கே மட்டும் நாலைந்து முடி கம்பி மாதிரி நிற்கும். காதுப் பக்கத்திலிருந்து தொண்டையை நோக்கிக் குறுக்கே ஓட்டினேன், ஒரே இழுப்பில் போய்விட்டது.

இப்போது அந்தப் பேப்பரைப் பாருங்கள். அம்புக்குறிகள் ஏறக்குறைய ஒரே பக்கம் போனாலோ, என்னைப் போல ஓரிடத்தில் மட்டும் முரண்டு பிடித்தாலோ ஃபாயில் வாங்கலாம். கழுத்து முழுக்கச் சுழி சுழியாக, முடி தோலோடு ஒட்டிப் படுத்திருந்தால் ரோட்டரி, ஏனென்றால் அது எல்லாத் திசையிலும் சுற்றிப் பிடிக்கும். தலையையும் சேர்த்து மொட்டை போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ரோட்டரிதான் வசதி, வளைவுக்குத் தகுந்தபடி ஷேவரின் தலை மடங்கிக் கொடுக்கும்.

கையில் பிடிக்கும் விதமும் இரண்டுக்கும் வேறு. ஃபாயிலை நேர்கோட்டில், முடிக்கு எதிர்த்திசையில், தோலுக்குச் செங்குத்தாக வைத்து ஓட்ட வேண்டும், இன்னொரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கழுத்துக்கு முகவாயைத் தூக்கிக்கொண்டு, கழுத்தெலும்புக்கு மேலே தோலைக் கீழ்ப்பக்கமாக இழுங்கள். தொண்டை மேட்டுக்கு நேராக ஓட்டாமல் தோலை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு ஓட்டுங்கள். ரோட்டரியைச் சின்னச் சின்ன வட்டமாக. இரண்டிலும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் தோல் ஓட்டைக்குள் பிதுங்கி அதையும் சேர்த்துச் சீவும், எரிச்சலும் சிவப்பும் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

3. சுருட்டை முடியா?

ஷேவ் செய்த மறுநாள் கழுத்தில் குறுகுறுவென்று கட்டி கட்டியாக வருகிறதா, அதற்குள்ளே முடி சுருண்டு கிடக்கிறதா? அப்படியானால் எந்த ஷேவரும் வேண்டாம். தோல் மட்டத்துக்கு வெட்டப்பட்ட சுருட்டை முடி திரும்பி உள்ளேயே குத்திக்கொண்டு வளர்வதால் வருவது அது. ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

4. ஈரமா, காய்ந்த முகமா?

வெட் அண்ட் ட்ரை என்று போட்ட மாடல்களை ஜெல் தடவியும், குளிக்கும்போதும் பயன்படுத்தலாம். எனக்குக் காய்ந்த முகம்தான் பிடிக்கும், அவசரத்துக்கு எலெக்ட்ரிக் வாங்கிவிட்டு நுரை குழைத்துக்கொண்டிருப்பானேன். ஆனால் நம் ஊர் வெயிலில் காய்ந்த முகம் என்பதே கஷ்டம். வேர்வை பிசுபிசுப்பில் தகடு தோலில் ஒட்டி இழுக்கும். காலையில் எழுந்ததும், குளிப்பதற்கு முன்னால், ஃபேனுக்குக் கீழே நின்று செய்யுங்கள். லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டால் வெண்ணெய் மாதிரி ஓடும். குளித்துவிட்டு உடனே செய்தால் தோல் ஊறியிருக்கும், ஷேவர் சரியாகப் பிடிக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரில் பயன்படுத்தும் மாடல்கள் பலவும் பாதுகாப்புக்காக சார்ஜில் போட்டபடி ஓடாது. பாதி முகத்தில் சார்ஜ் தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஐந்து நிமிட சார்ஜில் ஒரு ஷேவ் என்ற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

5. தலையின் விலை

உங்கள் தலை இல்லை, ஷேவர் தலை. பிரவுன் 18 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. பானசோனிக்கில் தகடு வருஷத்துக்கு ஒருமுறை, உள் பிளேடு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. மாற்றுத் தலை மிஷின் விலையில் பாதியைத் தொடுகிற கொடுமையும் உண்டு. அதனால் மிஷினைக் கூடையில் போடுவதற்கு முன் அதன் தலை நம்பரைத் தேடி, கிடைக்கிறதா, என்ன விலை என்று பாருங்கள். பிரவுன் சீரிஸ் 3 என்று ஒரே பெயரில் விற்றதிலேயே சிலதுக்கு 21பி, சிலதுக்கு 32பி, ஒன்று இன்னொன்றில் பொருந்தாது. பாதி விலைக்குக் கிடைக்கிற பெயர் தெரியாத தலைகள் பக்கமே போகாதீர்கள்.

தானாகக் கழுவும் ஸ்டேஷனோடு வரும் மாடல் என் கணக்கில் தண்டச் செலவு, அதற்கு வேறு மாதாமாதம் திரவம் வாங்க வேண்டும். கழுவலாம் என்று போட்ட ஷேவருக்குக் குழாய்த் தண்ணீரும் ஒரு சொட்டு ஹேண்ட்வாஷும் போதும். ஓடவிட்டு அலசி, திறந்து காயவைத்து, வாரத்துக்கு ஒருமுறை தகட்டின் மேல் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். கூடவே வரும் குட்டி பிரஷ்ஷால் உள் பிளேடை மட்டும் தேயுங்கள், தகட்டில் படக் கூடாது, கிழிந்துவிடும்.

வாங்கின முதல் வாரமே சரியில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். பிளேடுக்குப் பழகிய தோல் இதற்குப் பழக மூன்று நாலு வாரம் ஆகும். அந்த நாட்களில் நடுவில் பிளேடு போட்டால் பழகுவது இன்னும் தள்ளிப்போகும்.

பின்னர் சேர்த்தவை

அப்பாவுக்கு எது வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்டார்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை பிளேடை விட்டு எலெக்ட்ரிக்குக்கு மாறச் சொல்வது டாக்டர்களின் வழக்கம்தான். வயதானவர்களுக்குக் கழுத்துத் தோல் தளர்ந்திருக்கும், இழுத்துப் பிடித்து ஓட்டக் கை ஒத்துழைக்காது. என் அப்பாவுக்கு வாங்கியது சாதாரண ரோட்டரி. கனமில்லாதது, ஒரே பட்டன். அதே ஷேவரை வீட்டில் எல்லோரும் எடுத்து ஓட்டாதீர்கள், ஆளுக்கொன்று வேண்டும்.

இன்னொன்று, ரோட்டரி வாங்கிய சிலருக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கழுவியதிலிருந்து இழுக்கிறதாம். மூன்று தலையையும் கழற்றி ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கழுவியிருப்பீர்கள். ஒவ்வொரு கட்டரும் அதனதன் மேல் மூடியோடு உரசி உரசி ஜோடியாகப் பழகியது, ஜோடி மாறினால் வெட்டாது. ஒன்றைக் கழற்றி, கழுவி, மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டதா? சில வாரம் ஓட ஓடப் புது ஜோடி பழகிக்கொள்ளும், அதுவரை பொறுக்க முடியாது என்றால் புதுத் தலைதான்.